இரண்டு பக்கமும் தாழ்ப்பாள்

சூலூரில் எங்கள் வீடும் சித்தப்பா வீடும் முதுகோடு முதுகு பார்த்துக் கட்டியவை. எங்கள் வாசல் ஒரு வீதியில், அவர்கள் வாசல் அடுத்த வீதியில். நடுவில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே பொடக்காலி. புழக்கடையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அதில் ஒரு துவைக்கிற கல், ஒரு முருங்கை மரம், துணி காயப்போடக் கம்பி, வருஷத்தில் பாதி நாள் வற்றிக் கிடக்கும் ஒரு கிணறு. அம்மா இந்தப் பக்கம் குழம்பைத் தாளித்தால் சித்தி அந்தப் பக்கமிருந்து கிண்ணத்தோடு வருவார். எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று சொல்லமாட்டேன். கம்பியில் யார் துணி முதலில் காய்வது என்று இரண்டு பேரும் நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்ததும் உண்டு. ஆனால் முகத்தைத் தூக்கிக்கொண்டு போவதற்குக்கூட ஒருவரையொருவர் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஒரு சின்ன பவுண்டரி நடத்தினார்கள். பம்புசெட்டுக்கு வேண்டிய வார்ப்புகள் செய்வது தொழில். அப்பா பேட்டர்ன் செய்பவர். வார்க்க வேண்டிய உருப்படியை முதலில் மரத்தில் செய்வார்கள். அந்த மர உருவை மண்ணில் பதித்து எடுத்துவிட்டு, விழுந்த குழியில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். மரம் அப்பாவின் பொறுப்பு. மண்ணும் உலையும் வெல்டிங்கும் சித்தப்பாவின் பொறுப்பு.

அந்தத் தொழிலில் ஒரு சங்கதி இருக்கிறது, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊற்றின இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் பேட்டர்ன்காரர்களிடம் தனியாக ஒரு ஸ்கேல் இருக்கும். அதில் ஓர் அடி என்று கோடு போட்டிருப்பது நிஜத்தில் ஓர் அடியைவிடத் துளி நீளம். அதை வைத்து அளந்தால் மர உரு கொஞ்சம் பெரிதாக வரும், இரும்பு சுருங்கி முடிந்ததும் உருப்படி சரியான அளவில் நிற்கும். அப்பாவின் மேசையில் இரண்டு இரும்பு ஸ்கேல்கள் கிடக்கும். ஒன்று ஊரில் எல்லோரும் வைத்திருப்பது, மற்றது இது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். மேலே எழுதியிருந்தது கைபட்டுக் கைபட்டுத் தேய்ந்துபோயிருந்தது. அப்பாவிடம் கேட்டால், "எனக்குத் தொட்டாவே தெரியும்" என்பார்.

அளவு விஷயத்தில் அப்பாவுக்கு அப்படி ஒரு கர்வம். சாமி படத்துக்கு ஆணி அடிப்பதென்றாலும் அளந்துதான் அடிப்பார். அடித்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று யாராவது தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டால் அன்றைக்கு அவர்கள் தொலைந்தார்கள். அம்மா கல்யாணமான புதிதில் ஒருமுறை அப்படிப் பார்த்துவிட்டு, பிறகு ஆயுசுக்கும் பார்க்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு லோடு வார்ப்பு முழுவதும் கம்பெனியிலிருந்து திரும்பி வந்தது. உருப்படிகள் அளவில் சின்னதாக இருக்கின்றன, லேத்தில் கட்டிக் கடைவதற்கு மேலே சதை, அதாவது கூடுதல் இரும்பு, இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சித்தப்பா வேலையாட்கள் நடுவில் நின்றுகொண்டு, "பேட்டர்ன ஒருக்கா அளந்து பாத்தரலாமுங்களாண்ணா?" என்று கேட்டார். அவ்வளவுதான் அவர் கேட்டது. அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் பிறகு எத்தனையோ விதமாகச் சொன்னார்கள். எல்லோர் கதையிலும் இந்த ஒரு வாக்கியம் மட்டும் மாறாமல் இருந்தது.

"என்ற அளவு தப்பாதுடா" என்றார் அப்பா. "மண்ண ஒழுங்கா இடிக்கத் தெரியாம என்ற பேட்டர்ன்ல கைய வெக்கறயா? நீ தொழில் கத்ததே என்றகிட்டத்தான்!"

சொன்னதோடு நிற்கவில்லை. அந்த பேட்டர்னைத் தூக்கிக் கல்லில் அடித்து உடைத்தார். சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டு, ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வந்த வார்ப்புகளைச் சம்மட்டியால் உடைத்து மறுபடி உலையில் போட்டார்கள். பவுண்டரியில் கடைசியாக உருக்கியது அதைத்தான். ஒரு ஸ்கேலை எடுத்து அளந்து பார்த்திருந்தால் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்திருக்கும். எங்கள் வீட்டு ஆண்களுக்கு அளந்து பார்ப்பதைவிட மூஞ்சியைத் திருப்பிக்கொள்வது சுலபம்.

பெரியவர்கள் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்தார்கள். வெல்டிங் ஷெட் சித்தப்பாவுக்குப் போயிற்று. அப்பா வீட்டுத் தாழ்வாரத்திலேயே மேசையைப் போட்டு, வெளி பவுண்டரிகளுக்கு பேட்டர்ன் செய்து கொடுக்க ஆரம்பித்தார். பொடக்காலிக்கு நடுவில் சுவர் எழுப்புவதென்று முடிவானது. கிணறு எங்கள் பக்கம், முருங்கை அவர்கள் பக்கம். துவைக்கிற கல்லைப் பிளக்க முடியாதென்பதால் அதுவும் எங்கள் பக்கமே நின்றது.

சுவர் இடுப்பளவு வந்தபோது கிணத்துக்கடவிலிருந்து என் மாமா வந்தார், அம்மாவின் அண்ணன். அதிகம் பேசாதவர். சுவரைப் பார்த்துவிட்டு, அப்பாவையும் சித்தப்பாவையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரே பேச்சைப் பேசினார். "சொவுரு வெய்ங்க, வேண்டாம்ங்கல. ஆனா ஒரு கேட்டு உட்டுப்போட்டு வெய்ங்க. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா பொம்பளைக வீதியச் சுத்திட்டு ஓடோணுமா?"

இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். அம்மா அன்றைக்குப் பூஜையறையில் நின்று அழுததை நான் பார்த்தேன். அந்தக் கதவு இருந்தால் என்றைக்காவது அண்ணனும் தம்பியும் அதன் வழியாக வந்துவிடுவார்கள் என்று அவள் நம்பினாள். எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. நான் அப்போது படிப்பை முடித்துவிட்டு ஒரு மில் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். வீட்டில் யாரும் யாரோடும் பேசாத காலத்தில், ஆபீஸில் அடித்த கடிதங்களில்தான் மனிதர்கள் ஒருவரையொருவர் அன்புடையீர் என்று கூப்பிட்டுக்கொண்டார்கள்.

ஒத்துக்கொண்டார்களே தவிர, இரண்டு பேருக்கும் ஒரே நிபந்தனை. தன் பக்கம் ஒரு தாழ்ப்பாள் வேண்டும். அடுத்தவன் நினைத்த நேரத்தில் திறந்துகொண்டு வரக்கூடாது. ஆகவே எந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் திறக்கிற கதவு, ஆனால் இரண்டு பக்கமும் தாழ்ப்பாள், இரண்டு பேரும் மனது வைத்தால்தான் திறக்கும். இப்படி ஒரு கதவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வெளியே கொடுத்துச் செய்யலாம் என்று மாமா சொன்னதற்கு மட்டும் இருவரும் சேர்ந்து முறைத்தார்கள். மரத்துக்கு ஒருத்தன், இரும்புக்கு ஒருத்தன் வீட்டில் இருக்கும்போது வெளியாளிடம் கதவு செய்யக் கொடுத்தால் சூலூரே சிரிக்கும். அதனால் சட்டம் சித்தப்பா செய்வது, பலகை அப்பா அடிப்பது என்று ஆயிற்று. பேச்சுவார்த்தைக்கு நான். "அந்த ஊட்டுல போய்க் கேளு, வழி எத்தன அகலம் உடறாங்கன்னு" என்பார் அப்பா. நான் பாதி கட்டின சுவரைத் தாண்டிப் போவேன். "மூணரை அடீன்னு உங்கப்பாகிட்டச் சொல்லு கண்ணு" என்பார் சித்தப்பா. இருவரும் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் காதில் விழுகிற தூரத்தில்தான் நிற்பார்கள். ஆனாலும் நான் போய்ச் சொல்ல வேண்டும்.

அப்பா ஒரு பிளைவுட் பலகையைக் கல்லின் மேல் போட்டு, சாக்பீஸால் கதவை நிஜ அளவிலேயே வரைந்தார். கீல் பக்கமும் மேலும் கீழும் இரும்புச் சட்டம். உள்ளே வேப்பம்பலகைகள். பூட்டுகிற பக்கத்து விளிம்பு மட்டும் மரம். "இரும்பும் இரும்பும் முட்டுனா ணங்குன்னு கேக்கும். யாரு வந்தா போனாங்கறது வீதிக்கெல்லாம் தெரியோணுமா?" என்றார். அப்பா வீட்டுக்குள் போனதும் சித்தப்பா வந்து குந்தி உட்கார்ந்து அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்தார். ஒரு மூலையில் அவரே சாக்பீஸை எடுத்து, சட்டம் தொங்கிப் போகாமலிருக்கக் குறுக்கே ஒரு பட்டை போட்டுவிட்டுப் போனார். அப்பா வந்து அதைப் பார்த்தார். அழிக்கவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் அம்மா வாயைத் திறந்தாள். மேல்பாதியில் பலகைக்குப் பதில் கம்பி வைத்தால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியுமே என்றாள். சித்தியும் அதையே ஆசைப்பட்டார், சித்தப்பா அதற்குக் கம்பிகூட வளைத்து வைத்துவிட்டார். அப்பா கேட்கவில்லை. "கேட்டு வெக்கறது போறதுக்கா, எட்டிப் பாக்கறதுக்கா?" என்று முடித்துவிட்டார். பலகைக்குப் பலகை கோர்த்து அவர் அடித்த நேர்த்திக்கு ஒரு நூல் வெளிச்சம்கூட அந்தப் பக்கம் போகாது.

பலகையை அறுக்கிற நாளில் மேசையில் கிடந்த ஸ்கேலை எடுத்து அளந்து, காதில் செருகியிருந்த பென்சிலால் கோடு போட்டார். வழிக்குத் தூண் நட்டது சித்தப்பா, தன் டேப்பால் அளந்து நட்டார்.

கதவு மாட்டியது நல்ல கோடையில். அன்று காலை அப்பாவும் சித்தப்பாவும் ஒரு கதவைப் பிடித்துக்கொண்டு எதிரும் புதிருமாக நின்றார்கள். பேசவில்லை, ஆனால் கைகள் அவை பாட்டுக்கு வேலை செய்தன. அப்பா பார்க்காமலேயே கையை நீட்டுவார், சித்தப்பா அதில் ஸ்பேனரை வைப்பார். எத்தனை வருஷப் பழக்கம். இதோ இப்போது யாராவது ஒரு வார்த்தை பேசிவிடுவார்கள் என்று அம்மாவும் சித்தியும் ஆளுக்கொரு காபித் தம்ளரைப் பிடித்தபடி நின்றார்கள்.

பேசியவர் கொத்தனார். கதவைச் சாத்திப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் புடிக்குதுங்களே. ஓரத்துல எழைச்சு உட்டரலாமுங்களா?" என்றார்.

அப்பா அவரைப் பார்த்த பார்வையில் அந்த மனிதர் ஓரடி பின்னால் போனார். அப்போதுதான் சித்தப்பா வாயைத் திறந்தார்.

"எங்கண்ணன் அளவு தப்பாதுங்க."

அதை அவர் எப்படிச் சொன்னார் என்று அம்மாவும் நானும் பல தடவை பேசியிருக்கிறோம். கதவைப் பார்த்துக்கொண்டு, சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அப்பா அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. தன் பக்கத் தாழ்ப்பாளின் ஸ்க்ரூக்களை முடுக்கிவிட்டு, காபியைக் கையில் வாங்காமல் உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தக் கதவை இழைக்கச் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

அந்தக் கோடை முழுக்கக் கதவு திறந்தது. கொஞ்சம் அழுத்தித் தள்ள வேண்டும், அவ்வளவுதான். காலையில் இரண்டு பக்கமும் தாழ்ப்பாளை நீக்குவார்கள். சித்தி துவைக்க வருவார், அம்மா முருங்கைக்காய் பறிக்கப் போவாள். மனிதர்கள் போய்வரும் கதவுதான் என்று ஆனபோது, சுவரே அவ்வளவு மோசமில்லை என்றுகூடத் தோன்றியது. ஒரு நாள் அப்பா, "அந்தக் கீலுக்கு எண்ண உடச் சொல்லு" என்று என்னிடம் சொன்னார். சித்தப்பா அன்றைக்கே எண்ணெய் விட்டார். அடுத்தது நேரிலேயே பேசிவிடுவார்கள் என்று நான் அம்மாவிடம் பந்தயமே கட்டினேன்.

ஆடி பிறந்து சாரல் பிடித்தது. நாலைந்து நாள் விடாத தூறல். ஒரு காலையில் அம்மா தாழ்ப்பாளை நீக்கிவிட்டுக் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. இன்னொரு தரம் தள்ளினாள். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அப்பா எழுந்து போய் உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பார்த்தார்.

"போட்டுட்டான்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவை உதைக்கக் காலைத் தூக்கினேன். அப்பா என் தோளைப் பிடித்து இழுத்துவிட்டார். "அடுத்தவன் ஊட்டுக் கதவ எதுக்கு ஒதைக்கற? அவனுக்கு வேண்டாம்னா உட்டுப்போடு. நாம போய்க் கெஞ்சோணுமா?"

ஏன் கேட்கவில்லை என்று இதைச் சொல்லும்போதெல்லாம் என்னைக் கேட்கிறார்கள். அப்படிக் கேட்பவர்கள் எங்கள் ஊர்க்காரர்களாக இருக்கமாட்டார்கள். எங்கள் பக்கம் ஒருவரை முகத்துக்கு நேரே நீங்கள்தானே கதவைச் சாத்தினீர்கள் என்று கேட்பது, அவரைக் கைநீட்டி அடிப்பதற்குச் சமம். அம்மாவும் சித்தியும் வீதிக் குழாயில் பார்த்துக்கொண்டார்கள். "நல்லா இருக்கீங்களாக்கா?" "இருக்கறேங் கண்ணு. நீ எப்பிடி இருக்கற?" உடம்பு, மழை, பருப்பு விலை எல்லாம் பேசுவார்கள். கதவைப் பற்றி மட்டும் பேசமாட்டார்கள். அவள் என்ன பண்ணுவாள் பாவம், கொழுந்தன் சொல்லியிருப்பார் என்பாள் அம்மா. கேட்டு அவளைச் சங்கடப்படுத்துவானேன் என்பாள். இந்தப் பாழாய்ப்போன மரியாதையைப் போல ஆட்களைப் பிரித்து வைப்பது எதுவும் இல்லை.

அப்பா தன் பக்கத் தாழ்ப்பாளைப் போடவே இல்லை. அதில் அவருக்கு ஒரு வீம்பு. வீட்டுக்கு யார் வந்தாலும் பேச்சோடு பேச்சாக, "நம்ம பக்கம் தொறந்தேதான் கெடக்குதுங்க. போட்டது அவுங்க" என்பார். அடுத்த கோடை வந்தபோது யாரும் கதவைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஒரு தடவை தள்ளிப் பார்த்து அவமானப்பட்டது போதும் என்று இருந்தது. கீலில் துரு ஏறியது. அம்மா கதவோரமாகச் சாம்பல் கூடையை வைக்க ஆரம்பித்தாள்.

எனக்குக் கோபிசெட்டிபாளையத்தில் கல்யாணம் நிச்சயமானது. அப்பாவும் அம்மாவும் தாம்பாளத் தட்டோடு வீதி சுற்றிப் போய் முறைப்படி அழைத்தார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் சித்தப்பாவும் சித்தியும் அதே வீதியைச் சுற்றிக்கொண்டு எங்கள் முன்வாசலில் வந்து நின்றார்கள். அப்பா கைகூப்பி, "வாங்க" என்றார். கூடப் பிறந்த தம்பியை அப்பா வாங்க என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். வாடா என்று சொல்லிப் பழகிய வாய் அது. சித்தப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று. விருந்தாளி போல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, காபி குடித்து, என் தலையில் கைவைத்துவிட்டுப் போனார். போகும்போது நடையின் வழியாகப் பொடக்காலிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். எங்கள் பக்கத் தாழ்ப்பாள் அங்கிருந்து தெரியாது.

தலைப்பிரசவத்துக்கு நான் அம்மா வீட்டுக்கு வந்தது நல்ல ஐப்பசி. அந்த வருஷம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் சித்தியின் அலறல் கேட்டது. அப்படிப்பட்ட சத்தத்துக்கு அர்த்தம் கேட்க வேண்டியதில்லை. அப்பா மேசையை விட்டு எழுந்து பொடக்காலிக்கு ஓடினார். சாம்பல் கூடையைக் காலால் தள்ளினார். கதவில் தோளைக் கொடுத்து முட்டினார். அசையவில்லை. இரண்டு கைகளாலும் அறைந்தார்.

"டேய்! தொறங்கடா! தம்பீ!"

மழையிலும் அழுகையிலும் அந்தப் பக்கம் யாருக்கும் கேட்கவில்லை. அப்பா அப்படியே கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "இன்னிக்குமா?" என்று மட்டும் சொன்னார். பிறகு அம்மா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, குடைகூட எடுக்காமல், முன்வாசல் வழியாக வீதியில் இறங்கி ஓடினாள். பவர்லூம் ஷெட்டுகளைச் சுற்றிக்கொண்டு அவர்கள் அங்கே போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்த சித்தப்பாவுக்கு நெஞ்சுவலி என்றார்கள். மாசமாக இருந்தவளை இழவு வீட்டுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என் சித்தப்பாவை எடுத்துப்போனதை நான் சுவரில் காதை வைத்துக் கேட்டேன். இதைவிட ஒரு கேடுகெட்ட வழியனுப்புதல் யாருக்கும் வாய்க்கக்கூடாது.

காரியம் முடிகிறவரை அப்பா அங்கே முன்வாசலில் உட்கார்ந்திருந்தாரே தவிர, அந்தப் பக்கத்துப் பொடக்காலியை எட்டிப் பார்க்கவில்லை. அதன்பின் பேட்டர்ன் வேலையைக் குறைத்துக்கொண்டார். துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்துகொள்வார். சாவுக்குக்கூடத் தாழ்ப்பாளை எடுக்காத வீடு என்று ஒரு தடவை அம்மாவிடம் சொன்னார். கோபம்கூட இல்லாமல், களைத்துப்போய்ச் சொன்னார்.

பங்குனியில், கைக்குழந்தையை எடுத்துக்கொண்டு நான் சித்தியைப் பார்க்க வீதி சுற்றிப் போனேன். சித்தி இளைத்துப்போயிருந்தார். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் அழுதார். குழந்தையின் துணி நனைந்துவிட்டது, மாற்றிவிட்டு அதை அலசிப்போட நான் அவர்கள் பக்கத்துப் பொடக்காலிக்குப் போனேன். அந்தக் கதவுக்கென்று சித்தப்பா வளைத்து வைத்த கம்பிகளின் மேல் அவரைக்கொடி படர்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் கதவு. அந்தப் பக்கத்திலிருந்து அதை வருஷக்கணக்கில் நான் பார்த்ததில்லை.

தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. பின்னால் இழுத்த நிலையிலேயே துருப்பிடித்து, சட்டத்தோடு சட்டமாக ஒட்டிக் கிடந்தது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. அது வெகுகாலமாகப் போடப்படவில்லை என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"ஏனுங் சித்தி, இந்தத் தாப்பாள எப்ப எடுத்தீங்க?"

சித்தி குழந்தையோடு நடைவாசலில் வந்து நின்றார். "அத எங்க கண்ணு போட்டோம்? உங்க சித்தப்பா இருந்தவரைக்கும் ஒரு நாளும் போட உட்டதில்ல. அந்த வருசம் ஆடி மாசம், உங்க பக்கம் சாத்திப்போட்டீங்கல்ல, அப்ப மூணு நாலு தடவ வந்து தள்ளித் தள்ளிப் பாத்தாரு. மழைக்குச் சிக்கீட்டு இருக்குமுங்க, நல்லா ஒரு தள்ளு தள்ளுங்கன்னு நாந்தான் சொன்னேன். 'எங்கண்ணன் செஞ்ச கதவு சிக்காது, அவுரு அளவு தப்பாது, அவுருதாம் போட்டிருக்காரு'ன்னு சொல்லிப்போட்டு உள்ள வந்துட்டாரு. அவுரு மனசு எறங்கறப்ப எறங்கட்டும்னாரு. நம்ம பக்கம் மட்டும் எப்பவும் தொறந்தே இருக்கோணும்னாரு."

எனக்கு யார்மேல் என்று தெரியாத கோபம். துணியை அப்படியே கீழே போட்டுவிட்டு, முன்பு அப்பா என்னை உதைக்கவிடாத அந்தக் கதவில் தோளைக் கொடுத்து என் பலத்தையெல்லாம் சேர்த்து இடித்தேன். பங்குனி வெயிலில் மரம் சுண்டியிருந்தது. கீல்தான் கிறீச்சிட்டது. இரண்டாவது இடிக்குக் கதவு திறந்துகொண்டது.

அந்தப் பக்கம் அப்பா துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்டு நிமிர்ந்தார். திறந்தது யார் என்று பார்ப்பதற்கு முன்பே அவர் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்தும் விட்டார். அதன் பிறகுதான் நின்றுகொண்டிருந்தது நான் என்று அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த மலர்ச்சி வடிந்ததை நான் பார்த்திருக்கவே கூடாது.

சித்தி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். எனக்கு அழுகை வந்ததால் கத்தித்தான் சொன்னேன். அப்பா சித்தப்பா பக்கத்துத் தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்தார்.

"அவனா அப்பிடிச் சொன்னான்? என்ற அளவு தப்பாதுன்னா?"

"ஆமாங்க மாமா" என்றார் சித்தி பின்னாலிருந்து.

அப்பா மேசைக்குப் போய் இரண்டு ஸ்கேல்களையும் எடுத்து வந்தார். முதலில் வழியை அளந்தார். பிறகு கதவை அளந்தார். மறுபடி ஸ்கேலை மாற்றி அளந்தார். அதன் பிறகு இரண்டையும் கல்லின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு முனையைச் சேர்த்துப் பிடித்தார். மறுமுனையில் ஒன்று துளி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காற்று புகுந்துவர விட்டிருக்க வேண்டிய இடைவெளியை அந்தத் துளிதான் தின்றிருந்தது. ஈரம் பட்டு மரம் கொஞ்சம் ஊறினதும் தூணைக் கவ்விக்கொண்டது.

"மாத்தி எடுத்துப்போட்டேன்" என்றார். "பேட்டர்ன் ஸ்கேல்ல கதவ அளந்துபோட்டேன் கண்ணு."

அப்பா வாயால் தன் அளவு தப்பு என்று நான் கேட்டது அது ஒருமுறைதான். அன்று மத்தியானமே கதவைக் கழற்றிக் கல்லின் மேல் சாய்த்து, விளிம்பை இழைக்க உட்கார்ந்தார். சித்தி கேட்காமலே காபி கொண்டுவந்து வைத்தார், கதவில்லாத வழியாக. அது அப்படியே ஆறியது. இழைப்புளியின் வாயிலிருந்து சுருள் சுருளாக வேப்ப மரச் செதில் விழுந்துகொண்டிருந்தது. எடுக்க வேண்டியது கொஞ்சம்தான். அவர் நிறுத்தாமல் இழைத்தார். போதுங்கப்பா என்று நான் சொன்ன பிறகுதான் நிமிர்ந்தார்.

"அந்த லோடு வந்துதல்ல, சின்னதாப் போச்சுன்னு…" என்றார். "அதுலயும் ஸ்கேல மாத்தித்தான் எடுத்தனோ என்னமோ? அவன் அளந்து பாக்கலாமான்னுதான கேட்டான்?"

பேட்டர்னை அன்றைக்கே அவர் கல்லில் அடித்து உடைத்துவிட்டார். வார்ப்புகளை உடைத்து உருக்கியாகிவிட்டது. கேட்ட மனிதரும் போய்விட்டார். அளந்து பார்ப்பதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. அப்பா இழைப்புளியை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.